எட்டாங்கட்டையாரும் நேரான நெடுஞ்சாலையும்

நெடுஞ்சாலைகளை அரசாங்கம் போடுகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உத்தியோகத்துக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பதுளைக்கு மாற்றலாகி வந்து எட்டாங்கட்டையாரைச் சந்தித்த பிறகுதான் உண்மை விளங்கியது. நெடுஞ்சாலை அவருடையது. அதைப் பராமரிக்க அரசாங்கத்துக்கு அவர் அனுமதி கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கவேண்டும். வீதித் திணைக்களத்தின் பதுளை அலுவலகத்தில் நான் பிரதம இலிகிதராக இருந்த காலம் முழுவதும் அவரிடமிருந்து மனுக்கள் வந்தன. ஒன்றிலாவது அந்தப் பெயரை நான் கண்டதில்லை. பெயர் என்ற இடத்தில் எட்டாங்கட்டை, முகவரி என்ற இடத்தில் எட்டாங்கட்டை, தொழில் என்ற இடத்திலும் எட்டாங்கட்டை. தொழிலைத் தெளிவாக எழுதும்படி ஒருமுறை மனுவைத் திருப்பி அனுப்பினேன். பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் வாய்மொழியாகப் பதில் வந்தது. "அங்கனதான் இருக்காராம். அதுதான் தொழிலாம்."

பதுளையிலிருந்து பசறை வழியாகக் கிழக்கே இறங்கும் பெருந்தெருவில் வெள்ளைக்காரன் மைலுக்கு ஒரு கல் நட்டான். சனங்கள் அந்தக் கல்லையும் கட்டை என்றார்கள், மைலையும் கட்டை என்றார்கள். கல் நின்ற இடமெல்லாம் ஊராயிற்று. நாலாங்கட்டையில் பெண் எடுத்தேன், ஆறாங்கட்டையில் லொறி புரண்டது என்றுதான் இங்கே பேசுவார்கள். எட்டாவது கல், தெரு வளைந்து திரும்பும் ஒரு பெரிய முடக்கில் நின்றது. கல்லுக்கு நேரே நம்மவரின் தகரக்கூரைத் தேநீர்க்கடை. கடைக்கு எதிரே மலையிலிருந்து தோட்டத்துக் கிளைப்பாதை ஒன்று இறங்கிவந்து பெருந்தெருவில் விழும். தோட்டத்தின் மேல்பிரிவை மேக்கணக்கு என்பார்கள். அந்த மேக்கணக்கின் வரிசைவீடுகளான லயங்களில் இருந்தவர்களுக்கும் உலகத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு, எட்டாங்கட்டை முடக்கில் நின்று போகும் பஸ்தான்.

நான் அங்கே முதன்முதல் போனது ஒரு கிலோமீற்றர் கல்லை விசாரிக்க.

நாட்டில் மைல் ஒழிந்து கிலோமீற்றர் வந்தபோது, புதிய கற்களை நடும் வேலை எங்கள் மாகாணத்துக்கு, வழக்கம்போல, எல்லா இடத்திலும் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. பதின்மூன்றாம் கிலோமீற்றர் கல் அவருடைய மைல்கல்லுக்குச் சற்றுத் தள்ளி நடப்பட்டது. சில நாட்களில் அது முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பதாக முறைப்பாடு வந்தது. திருப்பி நட்டோம். மறுபடியும் மலையைப் பார்த்தது. விசாரிக்கும்படி என்னை அனுப்பினார்கள்.

"இந்தக் கல்லை ஆர் திருப்பினது?" என்று கேட்டேன்.

"யாரும் திருப்பலைங்க. வந்த புதுசுல அது ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நம்ம கட்டையப் பாத்ததும் வெக்கப்பட்டுத் திரும்பிக்கிச்சு."

"பகிடியை விடுங்கோ. இது எத்தினையாம் கிலோமீற்றர் எண்டு தெருவிலை போறவைக்குத் தெரியவேண்டாமே?"

அவர் உட்காரச் சொல்லி, பால் கலக்காத பிளேன்டீ ஒன்றை என்முன் வைத்தார். இந்தப் பக்கத்துக் கடைகளில் பிளேன்டீக்குள் சீனியைக் கலக்கமாட்டார்கள். ஒரு கரண்டிச் சீனியை உள்ளங்கையில் போட்டுவிடுவார்கள். அதில் கொஞ்சம் நக்கிக்கொண்டு ஒரு மிடறு குடிக்கவேண்டும். வழக்கம் அறிந்தவனாகக் கையை நீட்டினேன். கை நீட்டியபடியே இருந்தது. அவர் வடை சுடப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த லொறிச் சாரதி என் காதருகே குனிந்தார். "கிலோமீட்டருன்னு சொல்லிட்டீங்களே ஐயா. இனிமே கெடைக்காது."

கடையில் கிலோமீற்றர் என்ற சொல்லை உச்சரிப்பவருக்குத் தேநீர் உண்டு, சீனி இல்லை. அதுதான் அவர் சட்டம். அந்தச் சீனியையே அவர் கிலோ கணக்கில் வாங்குகிறார் என்பதை அடுத்த முறை சுட்டிக்காட்டினேன். அவர் அசரவில்லை. "சீனி கடையில கெடக்குற சாமான், கிலோவுல வரும். ரோட்டு அப்படியா ஐயா?" என்றார். அந்தச் சொல் இல்லாமல் என் உத்தியோகத்தை ஒரு நாளும் நடத்தமுடியாது. ஆகவே நான் எட்டாங்கட்டையில் குடித்த தேநீரெல்லாம் கசப்புத் தேநீர்தான்.

அவருக்கு மனைவி ஒருவர் இருந்தார். கடையை உண்மையில் நடத்தியவர் அவர்தான். ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது தெருவில் ஹோர்ன் கேட்டால் தலையை நிமிர்த்தாமலே, "போங்க, மூத்தவ கூப்புடுறா" என்பார். தெரு மூத்த சம்சாரம், தான் இளையவள் என்பது அவருடைய நெடுநாளைய நிலைப்பாடு. கணவர் அதை மறுத்து நான் கேட்டதில்லை.

தெரு விஷயத்தில் அவருக்கு ஞானம் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மழைக்காலத்தில், மேலே உள்ள சரிவு விழப்போகிறது என்று அவராகவே முடிவுசெய்தார். கடையில் ஆட்கள் உட்காரும் வாங்கைத் தூக்கித் தெருவுக்குக் குறுக்கே போட்டு, அதில் மனைவியின் சிவப்புச் சேலையைக் கட்டி, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பக்கமும் வாகனங்கள் சேர்ந்தன. ஒரு பக்கத்தில் மிகப் பெரிய மனிதர் ஒருவரின் வாகன வரிசை. பொலிஸார் வந்தார்கள், பிறகு நான் போனேன். அதற்குள் மழை விட்டு வெயில் எறித்தது.

"மண் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"வர்றப்ப வரும். மண்ணுக்கு என்னா டைம்டேபிளா இருக்கு?"

வாங்கையும் சேலையையும் அவரையும், இந்த ஒழுங்கில், பொலிஸார் அகற்றினார்கள். பெரிய மனிதர் தன் வழியே போய், தேர்தலில் தோற்று, அரசியலைவிட்டே விலகினார். அதன்பின் ஒரு நல்ல வெயில் காலத்தில், அந்தச் சரிவிலிருந்து கூடையளவு மண் உதிர்ந்தது. அன்றே எனக்குத் தகவல் வந்தது. "சொன்ன மண்ணு வந்துருச்சு. கொஞ்சம் லேட்டு."

இந்த இடத்தில் தெருவின் சரித்திரத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆதியில் அது பொதிமாடுகள் போன தடம். மாட்டுக்கு வழி தெரியும், ஆகவே தடம் ஏறக்குறைய நேராக இருந்தது. பிறகு கோப்பியும் துரைமாரும் வந்தார்கள். வண்டிப்பாதை தன் பங்களாவுக்குக் கீழே போகவேண்டும் என்று ஒவ்வொரு துரையும் விரும்பினார். பதுளைக்குக் கிழக்கே நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்கும் ஒவ்வொரு முடக்குக்கும் பின்னால் ஒரு துரை இருக்கிறார். கோப்பி அழிந்து தேயிலை வந்ததும் கிளைப்பாதைகள் முளைத்தன. தொழிற்சாலைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, மடுல்சீமை போன்ற தொலைவுக்கு, போனால் திரும்புவது நிச்சயமில்லாத பாதை ஒன்று. ஹாலிஎலவிலும் தெமோதரையிலும் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. தெரு கோபித்துக்கொண்டால் ரயில் இருக்கிறது. தண்டவாளம் பதுளையோடு முடிந்துவிடுவதால் எங்கள் கிழக்குப் பக்கத்துக்குத் தெருதான் கதி.

சுதந்திர நாடு செய்த முன்னேற்றம், இந்தப் பாதைகளைத் தரம் பிரித்ததுதான். பெருந்தெரு மத்திய அரசுக்கு, அடுத்தது மாகாணத்துக்கு, அதற்கும் அடுத்தது பிரதேச சபைக்கு, மிச்சம் தோட்டத்துக்கு. இந்தத் தோட்டத்துப் பாதைகள் எங்கள் எந்தப் படத்திலும் இருக்காது. அவற்றில் நடக்கும் சனங்களும் நெடுங்காலம் எந்தப் படத்திலும் இல்லாமல்தான் இருந்தார்கள். ஒரு குழி யாருடைய குழி என்று தீர்மானிப்பதற்காகவே என்னைப் போன்றவர்கள் சம்பளம் வாங்கினோம். தீர்மானித்து முடிப்பதற்குள் குழி குளமாகி அதில் எருமை இறங்கிவிடும்.

எட்டாங்கட்டையார் இந்தத் தரம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பெருந்தெரு பதுளையில் தொடங்குவதாக நாங்கள் எழுதிவைத்திருந்தோம். அவரைக் கேட்டால் அது எட்டாங்கட்டையில் தொடங்கி இரண்டு பக்கமும் போகிறது. இந்தப் பக்கம் போனால் பதுளை, அந்தப் பக்கம் போனால் கடல்.

அண்மைய ஆண்டுகளில் எங்கள் பெருந்தெருவுக்கும் நல்ல காலம் பிறந்தது. அகலமாக்கி, நேராக்கி, காபட் தார் போடுவதென்று தீர்மானமாயிற்று. தெருநெடுகக் கடைகளின் முகப்புகள் வெட்டப்பட்டன. ஒவ்வொரு கட்டையிலும் அழுகையும் மனுவுமாக இருந்தது. எட்டாங்கட்டையார் மட்டும் உற்சாகமாக இருந்தார். அளவெடுக்க வந்த பையன்களுக்குக் கை நிறையச் சீனி கிடைத்தது. அவர்கள் மீற்றர் மீற்றர் என்றுதான் பேசினார்கள். மீற்றருக்கு அவர் சட்டத்தில் தண்டனை இல்லை.

அவர்கள் முடக்கின் வாய்வரை சிவப்பு முளைகளை அடித்துக்கொண்டு வந்தார்கள். முடக்குக்குள் திரும்பவில்லை. முடக்கு வளைந்து சுற்றிவரும் ஓடையைத் தாண்டி நேரே போனார்கள். இவர் பின்னால் ஓடினார்.

"தம்பி, வழி தப்பிப் போறீங்க. ரோட்டு இங்கிட்டு இருக்கு."

ஓடைக்கு மேல் பாலம் வரப்போகிறது, அடுத்த மேட்டை வெட்டிப் பிளந்து தெரு நேராகப் போகும் என்று அவர்கள் விளக்கினார்கள்.

"அப்ப இது?"

"இது பழைய ரோட்டு, ஐயா."

சில நாட்களில் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார்.

காணி எடுப்பதை ஆட்சேபிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து உரிய படிவத்தை எடுத்துவைத்தேன். அவருடைய ஆட்சேபம் வேறு.

"எல்லாரு கடையையும் ஒடைக்கிறீங்க. எங் கடைய மட்டும் ஏன் ஒதுக்கிவச்சிருக்கீங்க?"

"உங்கடை கடையை உடைக்கத் தேவையில்லை. தெரு அங்காலை போகுது. சந்தோசப்படுங்கோ."

"ஒடைங்கய்யா. பாதிய ஒடச்சுப்புட்டு ரோட்ட உள்ள கொண்டாங்க. நான் மிச்சப் பாதியில ரொட்டி போட்டுக்கிறேன்."

சட்டத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். என் காணியை எடுக்காதே என்று முறையிட அதில் இடமுண்டு. எடுத்ததற்கு இழப்பீடு போதாது என்று முறையிடவும் இடமுண்டு. ஐயா, தயவுசெய்து என் காணியையும் எடுங்கள் என்று ஒருவன் வந்து நிற்பான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் படிவமே இல்லை. அவர் படிவம் இல்லாமலே மனு எழுதினார். இரண்டு வரி. எட்டாங்கட்டை எட்டாங்கட்டையில் இருக்கவேண்டும். ரோட்டைச் சுருக்கியவர்கள் நீங்கள், என் கட்டை என்ன குற்றம் செய்தது?

இரண்டாவது வரியில் விஷயம் இருந்தது. முடக்கை வெட்டிவிட்டதால் தெரு குட்டையாகிவிட்டது. பதுளையிலிருந்து புதிய தெருவில் அளந்தால் எட்டாவது மைல் பாலத்தையும் கடந்து, சைவ ஹோட்டல் போடப் புதிதாகத் தகரம் அடித்துக்கொண்டிருந்த ஒருவரின் வாசலில் போய் விழுந்தது. எட்டாங்கட்டையில் எட்டாவது மைல் இல்லை. ஆளுக்குப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, தொழிலும் இல்லை.

எங்கள் பொறியியலாளர் நல்ல இளைஞர், சிங்களவர், எல்லாரையும் திருப்திப்படுத்தலாம் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்த வயது. பழைய மைல்கல்லைப் பெயர்த்து எடுத்து, பாலத்தருகே பூச்செடிகளுக்கு நடுவே மரியாதையாக வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அல்லது பதுளை நூதனசாலையில் கொடுக்கலாம். அதைப் பேசிமுடிக்க நாங்கள் இரண்டு பேரும் எட்டாங்கட்டைக்குப் போனோம். தோட்டத்துக் கோயில் தலைவரும் அங்கே இருந்தார். பொறியியலாளருக்குத் தமிழ் விளங்காது என்ற தைரியத்தில் தலைவர் இவரை ஒரு பக்கம் இழுத்துப் புத்தி சொன்னார்.

"இந்தா பாருங்க, ஒரு சூலத்தக் குத்தி, மஞ்சளத் தடவி, பொட்ட வையிங்க. தேயில வெட்டுற கவ்வாத்துக்கு ஒரு சாமி இருக்கு, மிசினுக்கு ஒரு சாமி இருக்கு. கட்டைக்கு ஒரு சாமின்னா எந்த அரசாங்கம் தொடும்?"

வேறு யாராக இருந்தாலும் அடுத்த நிமிடம் மஞ்சள் வாங்க ஆள் அனுப்பியிருப்பார்கள். எட்டாங்கட்டையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமியின்னா எடம் மாத்தலாங்க. ரெண்டு ஐயர கூப்புட்டு, ஒரு செம்புத் தண்ணியில எறக்கி, எங்க வேணுன்னாலும் கொண்டுபோயி வச்சிரலாம். கட்டைய மாத்த முடியாது. மாத்துனா அது வெறுங்கல்லு."

எட்டாங்கட்டையார் என்ன சொன்னார் என்று பொறியியலாளர் என்னைக் கேட்டார். கல்லை நகர்த்தத் தொழில்நுட்பக் காரணங்களால் இயலாதாம் என்று மொழிபெயர்த்தேன். கடைக்காரரின் மனைவி ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, "என்னைய மாத்தச் சொல்லுங்க, ஒடனே சம்மதிப்பாரு" என்றார்.

புதிய தெரு திறக்கப்பட்டது. ஒரு சுருட்டுப் பற்றவைக்கும் நேரம் மிச்சம் என்று மேடையில் பெருமையாகச் சொன்னார்கள். சுருட்டு என்று சொல்லவில்லை, சாரம் அதுதான். அடுத்த நாள் காலையில் பஸ்கள் நேரே பாலத்தின்மேல் போயின.

மேக்கணக்குச் சனங்கள் வழக்கம்போல எட்டாங்கட்டையில் வந்து நின்றார்கள். பஸ் உள்ளே வரும் என்று அவர் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸின் கூரை மட்டும் மினுங்கிக்கொண்டு போவதை அவர்கள் பார்த்தார்கள். சாரதிக்கு இன்னும் பழக்கமாகவில்லை என்றார் அவர். மறுநாளும் கூரையைப் பார்த்தார்கள். அந்த வாரக் கடைசியில் அவரோடு சேர்ந்து நிற்க ஒருவரும் இல்லை.

புதிய தரிப்பிடம் பாலத்துக்கு அப்பால் இருந்தது. முடக்கைச் சுற்றி நடந்து போகலாம். காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டு மலைக்கு ஓடவேண்டிய பெண்ணிடம் சுற்றி நடக்கச் சொல்லிப் பாருங்கள். தெருவுக்காக வெட்டிப் பிளக்கப்பட்ட மண்சரிவில் அவர்கள் நேரே இறங்கினார்கள். வெயிலில் அது சறுக்கு. மழையில் அதைவிடச் சறுக்கு.

எட்டாங்கட்டையார் கடையைவிட்டு அந்தச் சரிவில் போய் நிற்கத் தொடங்கினார். மண்வெட்டியால் படி வெட்டினார். மழை வந்து படியைத் தின்றது. ஒரு கயிற்றைச் சவுக்கு மரத்தில் கட்டி மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பெண்ணாக இறக்கிவிட்டார், ஒவ்வொரு பிள்ளையாக இறக்கிவிட்டார். இறங்கியவர்களெல்லாம் புதிய சைவ ஹோட்டல் வாசலில் பஸ்ஸுக்கு நின்று, அங்கேயே தேநீரும் குடித்தார்கள். அதாவது, தன் வாடிக்கையாளரை எதிரியின் கடைக்குக் கயிறு பிடித்து இறக்கிவிட்ட ஒரே வியாபாரி, எனக்குத் தெரிந்தவரையில், அவர்தான். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஒரு நாள் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி அந்தக் கயிற்றையும் மீறிச் சறுக்கி விழுந்தாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் அன்றே பெண் குழந்தை பிறந்தது. அவளைக் கொண்டுவந்து சேர்த்த கையோடு எட்டாங்கட்டையார் என் அலுவலகத்துக்கு வந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழுக்கச் சேறு. உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த தடம். அன்று கையில் மனு இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ஐயா, அந்தக் கட்டைய எடுத்துக்கங்க."

"எந்தக் கட்டை?" என்றேன், தெரியாதவன்போல.

"நம்ம கட்டதான். பெரிய ஐயா மியூசியத்துல வைக்கிறேன்னாரே, வைக்கட்டும். பூச்செடியில வச்சாலும் சரி. பஸ்ஸ மட்டும் உள்ள வரச்சொல்லுங்க."

"இருங்கோ. முதல்லை தண்ணி குடியுங்கோ."

அவர் உட்காரவில்லை. என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குரலை மிகவும் தாழ்த்திச் சொன்னார்.

"பதிமூணாங் கிலோமீட்டருன்னே எழுதிக்கங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

அலுவலகத்தில் அத்தனை பேரும் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி நான் சொல்வது முழுவதும் நடைமுறை. விருப்பமில்லாதவர்கள் ஒரு பந்தியை வாசிக்காமல் தாண்டிப் போகலாம்.

பெருந்தெரு என்பது அரசாங்க இதழான வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்ட தெரு. பிரகடனத்தை நீக்க இன்னொரு வர்த்தமானி வேண்டும். அதற்கு முன், கைவிடப்பட்ட முடக்கைப் பிரதேச சபையிடம் ஒப்படைக்கவேண்டும். சபை அதைத் தீர்மானம் போட்டு ஏற்கவேண்டும். தெரு நல்ல நிலையில் இருந்தால்தான் சபை ஏற்கும். நல்ல நிலைக்குக் கொண்டுவர மதிப்பீடு வேண்டும். ஒப்படைக்கப்போகும் தெருவுக்கு மதிப்பீடு அங்கீகரிக்கமாட்டார்கள். இது ஒரு வட்டம், எட்டாங்கட்டை முடக்கைவிட அழகான வட்டம். தெருவை நேராக்கும் அவசரத்தில் இதை ஒருவரும் தொடங்கவே இல்லை. ஆகவே சட்டப்படி அந்த முடக்குத்தான் இன்னும் பெருந்தெரு. மேடைபோட்டுத் திறந்த நேரான தெரு, சட்டத்தின் கண்ணில், முடிவடையாத ஒரு வேலைத்தளம். பஸ்களின் அனுமதிப்பத்திரமோ பெருந்தெரு வழியாக எட்டாங்கட்டையில் நின்று போகவேண்டும் என்கிறது.

இதையெல்லாம் விளக்கிப் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு கடிதம் தயாரித்தேன். வேலைத்தளத்தில் பயணிகளை ஏற்றிப் போகும் பஸ்ஸுக்கு ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று ஒரு கேள்வியையும் மிகப் பணிவாகச் சேர்த்தேன். பொலிஸுக்குப் பிரதி, தோட்ட நிர்வாகத்துக்குப் பிரதி, பிரதேச சபைக்குப் பிரதி. மேலதிகாரிகள் கடிதங்களுக்குப் பயப்படுவதில்லை. பிரதிகளுக்குப் பயப்படுவார்கள். பொறியியலாளர் இரண்டு முறை வாசித்தார். அந்த முடக்கைச் சபைக்கு எப்போது ஒப்படைத்து முடிப்போம் என்று கேட்டார். நடைமுறைப்படி நடக்கும் என்றேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார். நல்ல இளைஞர் என்று முன்னமே சொன்னேனே.

பஸ்கள் முடக்குக்குள் திரும்பின. முதல் நாள் கண்டக்டர் இறங்கிநின்று, வளைந்து வருகிற டீசலுக்கு யார் பொறுப்பு என்று பொதுவாகக் கேட்டாராம். ஏறிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, "நீ நேரா போனப்ப நாங்க சறுக்குனமே, அதுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டாளாம். கண்டக்டர் மணியை அடித்துவிட்டார். சாரதி முடக்கில் நீளமாக ஹோர்ன் அடித்தபோது கடைக்குள்ளிருந்து குரல் வந்ததாம். "எந்திரிங்க. மூத்தவ வந்துட்டா."

மைல்கல்லை எடுத்துக்கொள்ளும்படி அவர் சொன்னதையும் நான் நடைமுறைப்படியே கவனித்தேன். அரசாங்கப் பொருளை அகற்றுவதானால் அதற்கு முதலில் பெறுமதி கணிக்கவேண்டும். எட்டாம் மைலில் இல்லாத எட்டாம் மைல்கல்லுக்குப் பெறுமதி எதுவும் இல்லை என்று கணக்காளர் எழுதினார். பெறுமதியில்லாத பொருளை அகற்ற எங்களிடம் படிவமில்லை. கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பஸ் திரும்பியதும் கல்லின் சொந்தக்காரரும் பழையபடி ஆனார். கிலோமீற்றர் என்று அலுவலகத்தில் சொன்னாரே என்று யாரோ நினைவுபடுத்தியபோது, "நானா? இருக்காதுங்க. வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்க" என்றாராம்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். ஒப்படைக்கும் கோப்பு இன்னும் சபைக்கும் திணைக்களத்துக்கும் நடுவே போய்வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. நல்ல தெரு ஒன்று கிடைத்தால் கோப்புகளும் நடக்கப் பழகிவிடும்.

சென்ற மாதம் பசறையில் ஒரு கல்யாணவீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் எட்டாங்கட்டையில் இறங்கினேன். கிலோமீற்றர் கல் இன்னும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மேக்கணக்கிலிருந்து இறங்கிய பெண்கள் வாங்கில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஒருத்தியின் மடியில் நடக்கப் பழகும் வயதில் ஒரு பெண்பிள்ளை வடையைக் கடித்துக்கொண்டிருந்தது. எட்டாங்கட்டையார் நன்றாகத் தளர்ந்துவிட்டார். தலை ஆடுகிறது, அதிகாரம் ஆடவில்லை.

"பாத்தீங்களா ஐயா? ரெண்டே வரிதான் மனு எழுதுனேன். நம்ம டிப்பார்ட்மெண்டு பணிஞ்சிருச்சு."

"ஓம். நல்ல மனு அது" என்றேன்.

பிளேன்டீ வந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் நான் கையை நீட்டவில்லை. அவர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையில் ஒரு கரண்டிச் சீனியைப் போட்டார். வடை சுடப் போய்விட்டார்.

வைத்தியர் எனக்குச் சீனியைத் தடைசெய்து கனகாலமாகிறது. அந்தத் தடை வர்த்தமானியில் வரவில்லை. கடைசி மணிவரை நக்கினேன். பிசுபிசுத்த அந்தக் கையைப் பதுளை வந்து சேரும்வரை நான் கழுவவில்லை.